புண் இல்லாதவருக்கும் மாத்திரை

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே பப்புவா நியூ கினி என்றொரு நாடு இருக்கிறது. அதைச் சேர்ந்த சிறு தீவுகளில் ஒன்று லிஹிர். 2013ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் அந்தத் தீவின் ஊர்களுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் மாத்திரைகளோடு போனார்கள். காலில் புண்ணோடு நின்ற பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் அக்காவுக்கும் கொடுத்தார்கள். அவள் உடம்பில் ஒரு கீறல்கூடக் கிடையாது. பாட்டிக்குக் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள், தோட்டத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவர்களையும் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். தீவில் இருந்த 16,092 பேரில் 13,302 பேர் மருந்தை விழுங்கினார்கள்.

நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் புண் இருந்தது. மற்றவர்கள் எதற்காக மருந்து சாப்பிட வேண்டும்? நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடிப் போனால் யாஸ் என்ற நோயின் கதை முழுவதையும் தெரிந்துகொண்டு விடுவோம்.

யாஸ் ஒரு தோல் நோய். மழையும் வெப்பமும் மிகுந்த நாடுகளில், பெரும்பாலும் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வருகிறது. உங்கள் வயதுக்காரர்கள்தான் அதில் அதிகம். 6 வயது முதல் 10 வயது வரை உள்ளவர்களை அது மிகுதியாகப் பிடிக்கிறது. விளையாடும்போது முழங்காலில் சிராய்த்துக்கொள்கிறோம். முள் கீறுகிறது. பூச்சி கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறோம். கிருமிக்கு அந்தச் சின்னத் திறப்பு போதும். ஏற்கெனவே யாஸ் புண் உள்ள ஒரு பிள்ளையின் புண்ணிலிருந்து கசியும் நீர் அந்த இடத்தில் பட்டால் கிருமி உள்ளே போய்விடும். கொசு இதைக் கொண்டுவருவதில்லை. குடிநீரில் வருவதில்லை, இருமலில் பரவுவதில்லை. ஒருவர் தோலிலிருந்து இன்னொருவர் தோலுக்கு நேராகப் போகிறது.

உள்ளே போன பிறகு ஏறத்தாழ மூன்று வாரம் ஒன்றுமே தெரியாது. பிறகு கிருமி நுழைந்த இடத்தில் ஒரு பரு எழும்பும். அது மெல்ல வளர்ந்து, மேற்பரப்பு குருணை குருணையாக, மஞ்சள் படிந்த கட்டியாகும், உடைந்து புண்ணாகும். பெரும்பாலும் அது கீழ்க்காலில் வரும். அவ்வளவு பெரிய புண்ணாக இருந்தாலும் அதிகம் வலிக்காது. வலிக்காததால் பிள்ளை வழக்கம்போல ஓடி விளையாடும். கூட விளையாடுகிறவர்களுக்கும் ஒட்டிவிடும். மூன்று முதல் ஆறு மாதத்தில் அந்தப் புண் மருந்து ஏதும் இல்லாமல் தானாகவே ஆறிவிடும். அம்மாவுக்கு நிம்மதி. நோய் போய்விட்டது என்று நினைப்பார்.

ஆனால் போயிருக்காது. சில வாரங்களோ மாதங்களோ கழித்து உடம்பின் பல இடங்களில் புதிய புண்கள் கிளம்பும். உள்ளங்கால் தோல் தடித்து வெடிக்கும். அப்போது வலி தாங்காமல் பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடக்கிற பிள்ளைகள் உண்டு. விரல் எலும்பு வீங்கும். இரவில் கால் எலும்பு குடையும். இவையும் தணிந்துவிடும். மருத்துவம் செய்யாமல் விட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு, ஐந்து ஆண்டுகளோ அதற்கும் மேலோ கழித்து, நோய் எலும்பையும் குருத்தெலும்பையும் அரிக்கத் தொடங்கும். முழங்காலுக்குக் கீழ் உள்ள எலும்பு முன்பக்கமாக வளையும். மூக்கு சிதையும். அப்படிச் சிதைந்ததை மருந்தால் திருப்பித் தர முடியாது.

யாஸ் உயிரை எடுப்பது மிக அரிது. உலகம் இதை இவ்வளவு காலம் கவனிக்காமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கொல்லுகிற நோய்க்கு நாளிதழில் தலைப்புச் செய்தி உண்டு. ஒரு சிறுமியின் காலை வளைத்து, அவளைப் பள்ளிக்கு நடந்து போக முடியாமல் செய்கிற நோய்க்கு அது கிடைப்பதில்லை.

இதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்த ஊர் நமக்கு மிக அருகில் இருக்கிறது. கொழும்புதான் அது. இலங்கையில் 19ஆம் நூற்றாண்டில் இந்த நோய் ஊர் ஊராகப் பரவியிருந்தது. மக்கள் அதைப் பரங்கி நோய் என்றார்கள். 1881இல் அங்கே தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த கின்சி என்பவர் அதைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கையே எழுதினார். வறண்ட வன்னிப் பகுதியிலும் அதன் தெற்கிலும், குளங்கள் தூர்ந்து, நல்ல தண்ணீரும் வயிறார உணவும் இல்லாமல் போன ஊர்களில் நோய் தங்கியிருந்தது. பிறகு இத்தாலியிலிருந்து அல்டோ காஸ்டெல்லானி என்ற இளம் மருத்துவர் கொழும்புக்கு வந்தார். 1905ஆம் ஆண்டு யாஸ் புண்ணிலிருந்து எடுத்த நீரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, மிக மிக மெல்லிய, சுருள் சுருளான உயிர்களைக் கண்டார்.

அந்தச் சுருள் பாக்டீரியாவின் முழுப்பெயர் ட்ரெபோனிமா பாலிடம் பெர்டென்யூ. நீளம் ஏறத்தாழ 10 மைக்ரான். நூறு கிருமிகளை வரிசையாக நீட்டிப் படுக்க வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். அகலமோ 0.2 மைக்ரான்கூட இருக்காது. இவ்வளவு ஒல்லியான ஒன்றைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால், பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் அது கரைந்துபோகும். அதனால் அறிவியலாளர்கள் வேறொரு வழி செய்தார்கள். வெளிச்சத்தை நேராக விடாமல் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விட்டார்கள். பின்புலம் இருட்டாகிவிடும், கிருமி மேல் பட்டுச் சிதறும் ஒளி மட்டும் கண்ணுக்கு வரும். ஓட்டு வீட்டுக்குள் ஓட்டையின் வழியே வெயில் கீற்றாக விழும்போது, அதுவரை தெரியாத தூசி மின்னுகிறதே, அதே முறைதான். இருட்புல நுண்ணோக்கி என்று இதற்குப் பெயர். அதில் பார்த்தால் கிருமி சுழன்று சுழன்று நகர்வது உயிரோடு தெரியும். நகர உதவும் மெல்லிய இழைகள் மற்ற பல பாக்டீரியாக்களில் உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு அவை உடம்பின் வெளியுறைக்கு உள்ளேயே இருக்கின்றன. அவை சுழலும்போது உடம்பு முழுவதும் திருகி, திசுக்களைத் துளைத்துக்கொண்டு போகிறது.

இனித்தான் நாம் தேடும் விடை வருகிறது.

எந்த உயிருக்கும் அதன் வேலைகளுக்கான குறிப்புகள் மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கின்றன. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு அந்த எழுத்துகள் ஏறத்தாழ 46 லட்சம். யாஸ் கிருமிக்கு வெறும் 11 லட்சம். தனக்கு வேண்டிய பல பொருள்களைத் தயாரிக்கும் குறிப்பு அதனிடம் இல்லை. எல்லாவற்றையும் மனித உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் உணவு வைத்து வளர்த்தால் அது வளராது. வெளியே விழுந்தால் சீக்கிரம் செத்துவிடும். பெருகுவதிலும் அது மிக மந்தம். ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். யாஸ் கிருமியின் மிக நெருங்கிய உறவான கிருமியை அளந்து பார்த்திருக்கிறார்கள். அது இரண்டாக 30 மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது.

கேட்கும்போது பாவமாக இருக்கிறது, இல்லையா? தனியே வாழத் தெரியாது, வேகம் கிடையாது. ஆனாலும் அதற்கு ஒரு பலம் இருக்கிறது. நம் உடம்பின் காவல் அணுக்கள் கிருமிகளை எப்படி அடையாளம் காண்கின்றன? கிருமியின் வெளிப்பரப்பில் துருத்திக்கொண்டிருக்கும் புரதங்களைத் தொட்டுப் பார்த்துத்தான். யாஸ் கிருமியின் வெளிப்பரப்பில் அத்தகைய புரதங்கள் மிக மிகக் குறைவு. பிடிப்பதற்கு ஒன்றும் அகப்படாமல் காவல் அணுக்கள் ஏமாந்துபோகின்றன. புண்ணில் உள்ள கிருமிகளை அவை அழித்துவிடும். அதனால்தான் புண் தானாக ஆறுகிறது. ஆனால் நிணநீர் முடிச்சுகளிலும் எலும்பிலும் பதுங்கிக்கொண்ட சில கிருமிகள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்துவிடும். வெளியே பார்த்தால் ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது. பிறகு ஒரு நாள், ஐந்து ஆண்டுகள் கழித்துக்கூட, மறுபடியும் புண் வெடித்துக் கிளம்பி மற்றவர்களுக்கு ஒட்டத் தொடங்கும்.

ஓர் ஊரில் ஒருவருக்குப் புண் தெரிகிறது என்றால், கிருமியைச் சுமந்துகொண்டு வெளியே தெரியாமல் ஆறு பேர் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். லிஹிரில் அந்த அக்காவுக்கு மாத்திரை கொடுத்தது இதனால்தான். அந்த ஆறு பேரில் அவள் ஒருத்தியா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் யார் என்று தேட வேண்டியதில்லை.

இந்தப் பதுங்கல் பற்றி மருத்துவர்களுக்கு முன்பே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். 1950களிலேயே தெரியும். அங்கேதான் இந்தக் கதையின் வருத்தமான பகுதி இருக்கிறது.

முதலில் மகிழ்ச்சியான பகுதியைச் சொல்லிவிடுகிறேன். பெனிசிலின் வருவதற்கு முன்பு யாஸுக்கு ஆர்சனிக் கலந்த மருந்துகளை ஊசியாகப் போட்டார்கள். பல தடவை போட வேண்டும், நச்சும் உண்டு. பெனிசிலின் வந்தது. இடுப்புச் சதையில் ஒரே ஒரு ஊசி போட்டால் மருந்து அங்கே தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கும்படி அதைச் செய்தார்கள். இது ஏன் முக்கியம் தெரியுமா? கிருமி புதிதாக உறை கட்டி இரண்டாகிற நேரத்தில்தான் பெனிசிலினால் அதைக் கொல்ல முடியும். யாஸ் கிருமியோ மந்தமாக, எப்போதோ ஒரு தடவை இரண்டாகிறது. அதுவரை மருந்து காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற மருந்து கிடைத்ததும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பெரிய வேலையில் இறங்கின. 1952 முதல் 1964 வரை 46 நாடுகளில், ஆறு கடந்து, மலை ஏறி, ஊர் ஊராகப் போய் 30 கோடிப் பேரைப் பார்த்தார்கள். 5 கோடிப் பேருக்கு மருத்துவம் செய்தார்கள். நோய் 95 விழுக்காடு குறைந்தது. ஊசி போட்ட மூன்று நான்கு நாளில் புண் காயத் தொடங்கியதைப் பார்த்து மக்கள் ஊசி போடும் குழுவைத் தேடித் தேடி வந்தார்கள்.

அப்போது அவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஊரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் புண் இருந்தால் ஊர் முழுவதற்கும் ஊசி. ஐந்து முதல் பத்துப் பேர் என்றால் பிள்ளைகளுக்கும், நோயாளியோடு பழகியவர்களுக்கும். ஐந்துக்கும் குறைவு என்றால் நோயாளிக்கும் அவரோடு பழகியவர்களுக்கும் மட்டும். மருந்தும் ஆளும் அளவாகத்தானே இருந்தன. அதனால் இந்த விதி. ஆனால் பதுங்கிய கிருமி விதியைப் பார்ப்பதில்லை. நோய் குறைவாக இருந்த ஊர்களில்தான், புண் தெரியாமல் கிருமி சுமந்தவர்கள் ஊசி போடப்படாமல் விடுபட்டார்கள். நோய் குறைந்ததும் தனிக்குழுக்களைக் கலைத்து, மீதி வேலையை அந்தந்தப் பகுதி மருத்துவமனைகளிடம் ஒப்படைத்தார்கள். நோய் மிச்சமிருந்த ஊர்களிலோ மருத்துவமனையே இல்லை. பணம் வேறு நோய்களுக்குப் போயிற்று. 1970களின் கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவில் யாஸ் பழையபடி தலைதூக்கிவிட்டது.

95 விழுக்காட்டை முடித்துவிட்டு, கடைசி ஐந்தை விட்டதால் எல்லாம் வீணாகப் பார்த்ததே என்று நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்தக் கடைசி ஐந்தில் இருந்தவர்கள் எல்லாரும் சாலை போய்ச் சேராத ஊர்க்காரர்கள். மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வேட்டையாடி வாழும் குடிகள், பசிபிக் தீவுகளில் படகில் மட்டுமே போகக்கூடிய கிராமத்தார். அவர்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. சோப்பு வாங்கப் பணம் இருக்காது. ஒரே பாயில் நான்கைந்து பிள்ளைகள் ஒட்டிப் படுத்திருப்பார்கள். சோப்பும் தண்ணீரும் செருப்பும் சாலையும் வந்த இடங்களில் யாஸ் மருந்து இல்லாமலே குறைந்து மறைந்திருக்கிறது. அழுக்காக இருப்பதால் வரும் நோய் என்று சிலர் சொல்லக் கேட்டால் நீங்கள் திருத்துங்கள். நான்கு மைல் நடந்து ஒரு குடம் தண்ணீர் சுமந்து வருகிறவர்களைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது.

இந்தியாவிலும் அந்தக் கடைசி ஐந்து இருந்தது. ஒடிசா, சத்தீஸ்கர், ஆந்திரம், மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களின் மலைக்காடுகளில், பழங்குடி மக்களிடையே. 1996இல் ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். பிறகு நோய் இருந்த மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். அந்தத் திட்டத்தில் பெரிய கருவி எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். புண் உள்ளவரைக் கண்டால் அந்த இடத்திலேயே பெனிசிலின் ஊசி. அவரோடு வாழ்பவர்கள், பழகுபவர்கள் எல்லாருக்கும் அதே நாளில் ஊசி. நோயாளியை மருத்துவமனைக்கு வா என்று சொல்லிவிட்டு வரவில்லை, மருந்தைக் கொண்டுபோனார்கள். பிறகு மறுபடியும் அதே மலை, மறுபடியும் அதே வீடுகள். ஒரு தடவை போனால் போதாது என்பதுதான் 1950கள் சொல்லிக்கொடுத்த பாடம். 2003இல் கண்ட நோயாளிகளுக்குப் பிறகு புதிதாக யாரும் அகப்படவில்லை.

இப்போது லிஹிர் தீவுக்குத் திரும்புவோம். 2010இல் ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாவிலிருந்து ஓரியோல் மிட்ஜா என்ற மருத்துவர் அங்கே வேலைக்கு வந்தார். தங்கச் சுரங்கம் இருக்கும் தீவு அது. ஆனாலும் பிள்ளைகள் யாஸ் புண்களோடு வந்துகொண்டே இருந்தார்கள். ஊசிக்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், கிருமி நீக்கிய ஊசி வேண்டும், பிள்ளைகள் அழுவார்கள், சிலருக்குப் பெனிசிலின் ஒவ்வாது. வாயால் விழுங்கும் மாத்திரை ஒன்று இதே வேலையைச் செய்யுமா? அசித்ரோமைசின் என்ற மருந்தை அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் சோதித்தார்கள். தொண்டை வலிக்கும் காதுவலிக்கும் நம்மூர் மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் அதே மருந்துதான். 250 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு ஒரு வேளை மாத்திரை, மறுபாதிக்கு ஊசி. யாருக்கு எது என்பதைக் குலுக்கல்போல முடிவு செய்தார்கள். அப்போதுதான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மாத்திரை சாப்பிட்டவர்களில் 96 விழுக்காட்டினரும், ஊசி போட்டுக்கொண்டவர்களில் 93 விழுக்காட்டினரும் குணமாகியிருந்தார்கள். 2012இல் முடிவு வெளிவந்தது.

ஒரு வேளை மாத்திரை எப்படிப் போதுமாயிற்று? மந்தமான கிருமிக்கு மருந்து காத்திருக்க வேண்டும் என்று சொன்னேனே, அசித்ரோமைசினும் காத்திருக்கும். அது இரத்தத்திலிருந்து திசுக்களுக்குள் புகுந்து தங்கிக்கொள்கிறது. தங்கிய அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ மூன்று நாள் பிடிக்கும். அங்கிருந்து கிருமியின் புரதம் செய்யும் இடத்தை அடைத்துவிடுகிறது. அளவு சொல்வதும் சுலபம். 6 முதல் 9 வயது வரை 1 கிராம், 10 முதல் 15 வரை ஒன்றரை கிராம், அதற்கு மேல் 2 கிராம். தராசுகூட வேண்டாம், வயதைக் கேட்டால் போதும். ஊர்ப் பணியாளர் ஒருவரே ஊருக்கெல்லாம் கொடுத்துவிடலாம். அதே 2012இல் சுவிட்சர்லாந்தின் மோர்ஜ் நகரில் கூடிய வல்லுநர்கள் பழைய விதியை மாற்றினார்கள். யாஸ் இருக்கும் ஊர் என்றால், புண் எத்தனை பேருக்கு என்று எண்ணிக்கொண்டிருக்காமல், முழு ஊருக்கும் மாத்திரை.

அப்படித்தான் லிஹிரின் 13,302 பேர் மாத்திரை விழுங்கினார்கள். ஓராண்டு கழித்து, நூற்றுக்கு 2.4 ஆக இருந்த புண் 0.3 ஆகிவிட்டது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் கணக்கைத் திரும்பப் பாருங்கள். 16,092இல் 13,302 போனால் மீதி 2,790 பேர். அவர்கள் அன்று ஊரில் இல்லை, மீன்பிடிக்கப் போயிருந்தார்கள், வேறு தீவில் உறவினர் வீட்டில் இருந்தார்கள். இரண்டு ஆண்டு தாண்டியதும் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியது. புதிதாகப் புண் வந்தவர்களை விசாரித்தால், அன்று மாத்திரை கிடைக்காதவர்களே அவர்களில் மிகுதி.

இன்னொன்றும் நடந்தது. சிலருக்கு மாத்திரை கொடுத்தும் புண் ஆறவில்லை. அவர்களின் கிருமியை ஆராய்ந்தபோது, 11 லட்சம் எழுத்துகளில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பது தெரிந்தது. மருந்து போய் ஒட்டவேண்டிய இடம் அது. எழுத்து மாறியதால் மருந்து ஒட்டவில்லை. அந்தக் கிருமி தொற்றியவர்கள் ஐந்து பேர். அவர்களுக்குப் பழைய பெனிசிலின் ஊசியைப் போட்டார்கள், குணமானது. இப்படி மருந்துக்கு மசியாத கிருமி எங்கே கிளம்புகிறது என்று இன்று வரை கண்காணித்து வருகிறார்கள்.

பிறகு லிஹிர் இருக்கும் நியூ அயர்லாந்து மாகாணத்திலேயே இன்னொரு பெரிய சோதனை செய்தார்கள். சில பகுதிகளுக்கு முழு ஊருக்கும் ஒரு சுற்று மாத்திரை. மற்றப் பகுதிகளுக்கு ஆறு மாத இடைவெளியில் மூன்று சுற்று. முதல் சுற்றில் விடுபட்டவர் இரண்டாவதில் அகப்படலாம், அதிலும் விடுபட்டவர் மூன்றாவதில். முடிவு 2022இல் வந்தது. ஒரு சுற்று நடந்த ஊர்களில் நோய் 0.16 விழுக்காடு மிஞ்சியிருந்தது. மூன்று சுற்று நடந்த ஊர்களில் 0.04.

இந்த ஆய்வுகளின்போது எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. யாஸ் என்று நினைத்த புண்களில் நிறைய, யாஸே அல்ல. ஹீமோஃபிலஸ் டியூக்ரேயி என்ற வேறொரு பாக்டீரியா அதே பிள்ளைகளுக்கு அதேபோன்ற புண்ணை உண்டாக்கியிருந்தது. கண்ணால் பார்த்து மட்டும் யாஸ் என்று சொல்லிவிட முடியாது என்றாகிவிட்டது. இப்போது விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தத்தில் சோதிக்கிறார்கள். கால் மணி நேரத்தில் சிறு பட்டையில் கோடுகள் தெரியும். ஒரு கோடு, வாழ்நாளில் எப்போதாவது இந்தக் கிருமி உடம்புக்குள் வந்ததா என்று சொல்லும். இன்னொரு கோடு, இப்போதும் நோய் இருக்கிறதா என்று சொல்லும்.

ஒரு நாட்டில் யாஸ் ஒழிந்தது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? புண் உள்ளவர் யாரும் இல்லை என்றால் போதாது. பதுங்கல்தான் நமக்குத் தெரியுமே. பெரியவர்களின் இரத்தத்தைச் சோதித்தும் பயனில்லை. முதல் கோடு பழைய நோயின் அடையாளத்தை வாழ்நாள் முழுவதும் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இரத்தத்தைப் பார்க்கிறார்கள். அவர்கள் பிறந்த பிறகு ஊரில் கிருமி நடமாடியிருந்தால் மட்டுமே அவர்கள் இரத்தத்தில் அடையாளம் இருக்கும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் புதிய நோயாளி இருக்கக் கூடாது, சின்னக் குழந்தைகளின் இரத்தத்திலும் அடையாளம் இருக்கக் கூடாது. கோராபுட் போன்ற மாவட்டங்களின் குழந்தைகளை இப்படிச் சோதித்துப் பார்த்த பிறகுதான் 2016 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை யாஸ் இல்லாத நாடு என்று அறிவித்தது.

இப்படித் தேடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பிலிப்பைன்ஸ் காட்டியது. 1970களுக்குப் பிறகு அங்கே யாஸ் பற்றிய பதிவே இல்லை; போய்விட்டது என்றே எண்ணியிருந்தார்கள். 2017இல் தெற்கே மிண்டனாவோ தீவின் சதுப்பு நிலப் பகுதி ஊர்களுக்குத் தோல் மருத்துவர்கள் போய்ப் பிள்ளைகளின் கை கால்களைப் பார்த்து, விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். இரண்டு கோடுகளும் தெரிந்தன. 2030க்குள் உலகத்திலிருந்தே யாஸை ஒழிப்பது என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, கானா, காமரூன் முதலிய நாடுகளில் அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது; முன்பு யாஸ் இருந்து, இப்போது இருக்கிறதா இல்லையா என்று யாரும் போய்ப் பார்க்காத நாடுகள் இன்னும் பல இருக்கின்றன.